திறமூலக் குழுவுக்கு நடத்தை விதிகள்: எழுதுவது முதல் புகாரைத் தீர்ப்பது வரை

கோத்தகிரியில் சனிக்கிழமை மதியம் கூடும் எங்கள் சிறு குழு ஒரு செயலியைப் பராமரிக்கிறது. சிறு தேயிலை விவசாயிகள் தினமும் போடும் இலையின் எடை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு (சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கும் எடை) எல்லாவற்றையும் குறித்து வைத்து, மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க உதவும் திறமூலச் செயலி, அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தம் அனுப்பலாம். பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். பாதிப் பேர் மலையில், மீதிப் பேர் கீழே கோவையிலும் சென்னையிலும். இவ்வளவு சின்னக் குழுவுக்கு நடத்தை விதி எதற்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு பேட்ச், அதாவது நிரலில் ஒரு திருத்தம், வந்தது. அனுப்பியவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி, அதுதான் அவருடைய முதல் பேட்ச். 18.75 கிலோ என்று பதிந்தால் மாத மொத்தத்தில் அது 18 ஆக வெட்டுப்படும் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். திருத்தம் சரி; அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலான டெஸ்ட் மட்டும் எழுதவில்லை. குழுவிலேயே அனுபவம் அதிகமுள்ள அண்ணன் ஒருவர் பதில் போட்டார்: “டெஸ்ட்னா என்னன்னே தெரியாம பேட்ச் அனுப்பவும் ஒரு தைரியம் வேணும்.” அதற்குக் கீழே மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் பார்த்தேன். அவர் சொல்வது சரிதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பெண் திரும்ப வரவில்லை. அந்தப் பிழை இன்னும் நான்கு மாதம் செயலிக்குள் உட்கார்ந்து, விவசாயிகளின் முக்கால் கிலோக்களைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் விதிகள் எழுத உட்கார்ந்தோம். எழுதுவது ஒரு மாலை வேலை என்பதும், அதைக் காப்பாற்றுவதுதான் வேலையே என்பதும் போகப் போகத் தெரிந்தது. நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். தப்பாகச் செய்தவற்றையும் சேர்த்து.

படி 1: எதற்கு என்று முதலில் பேசிவிடுங்கள்

விதி வைக்கலாம் என்றதும் இரண்டு கேள்விகள் வரும். “நாம எல்லாம் தெரிஞ்சவங்கதானே?” என்பது ஒன்று. “கோடு (நிரல்) நல்லா இருந்தா போதாதா?” என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்விக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் கதையே போதும். காட்டமான பேச்சுக்குப் பேர்போன இடம் அது. 2015-ல் ‘கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ என்று சிறு குறிப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். பெயரிலேயே சண்டை இருந்தது. 2018 செப்டம்பரில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் நடத்தை பலரைப் புண்படுத்தியிருக்கிறது, சிலரைக் கெர்னல் வேலையை விட்டே விரட்டியிருக்கலாம் என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். 4.19 பதிப்பின் வேலையைச் சக பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பார்த்துக்கொண்டார். பழைய குறிப்பு போய், ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற பொது விதித்தொகுப்பு வந்தது. கெர்னலின் தரம் அதனால் குறைந்துவிடவில்லை.

மரியாதை என்றதும் நாம் புதிதாக வருபவர்களை மட்டும் நினைக்கிறோம். பராமரிப்பவருக்கும் அது வேண்டும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை லாஸ்ஸே காலின் என்பவர் பெரும்பாலும் தனி ஆளாக, சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-ல் சில முகவரிகள் அவரை நச்சரித்தன: வேலை நகரவில்லை, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. மனநலச் சிக்கல் இருக்கிறது, இது பொழுதுபோக்காகச் செய்வது என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை. கடைசியில் கூடவே நின்று உதவிய ‘ஜியா டான்’ என்ற பெயருக்குப் பொறுப்புப் போனது. அந்தப் பெயர்தான், வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்கதவை மென்பொருளுக்குள் வைத்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிய பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். நச்சரித்த முகவரிகளும் போலி என்றே பலரும் கருதுகிறார்கள். அன்று யாராவது ஒருவர் “அவரை விடுங்கப்பா, ஓசியில வேலை பார்க்கிறார்” என்று குறுக்கே பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எங்கள் விதியில் இதிலிருந்து ஒரு வரி வந்தது: பதில் கேட்டு ஒருமுறை நினைவூட்டலாம், இரண்டாவது முறைக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மலையில் இது இன்னும் பொருந்தும். ஜூலையில் தேவாலா, கூடலூர்ப் பக்கம் மழை பிடித்தால் மரம் விழுந்து கரண்டும் நெட்டும் போய்விடும். நவம்பரில் அதே கதி கோத்தகிரிக்கும் குன்னூருக்கும். பதில் வரவில்லை என்றால் ஆள் அலட்சியம் என்று அர்த்தமில்லை.

படி 2: ஆயத்த விதியை எடுங்கள், அப்புறம் உங்கள் ஊருக்கு வெட்டித் தையுங்கள்

வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டாம். கோரலைன் அடா எம்கே 2014-ல் எழுதிய கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்தான் இன்று பரவலாகப் புழங்குவது. எது ஏற்கத்தக்கது, எது தகாதது, யார் பொறுப்பு, மீறினால் என்ன ஆகும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. அதை எடுத்து, நிரல் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தின் முதல் அடுக்கிலேயே ‘கோட் ஆஃப் காண்டக்ட்’ என்ற பெயரில் கோப்பாகப் போட்டுவிட்டால், களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் தானாகவே அடையாளம் கண்டு எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டும்.

நாங்கள் முதல் வருடம் செய்த தப்பு, அந்த ஆங்கிலக் கோப்பை அப்படியே ஒட்டிவிட்டுப் போனது. புகார் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘உங்கள் முகவரியை இங்கே எழுதவும்’ என்ற மாதிரி வரியே எட்டு மாதம் நின்றது. யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆயத்த விதியில் இல்லாத, ஆனால் தமிழ் பேசும் குழுவில் முதல் நாளே வரும் சிக்கல் ஒன்று உண்டு. யாரை எப்படி அழைப்பது? ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். நமக்கு நீ, நீங்க, வாங்க, வாடா, தம்பி, பாப்பா, சார், ப்ரோ. எங்கள் உரையாடல்களைத் திருப்பிப் பார்த்தபோது, ஒரே அனுபவமுள்ள இருவரில் ஆண் ‘சார்’ ஆகவும் பெண் ‘ஏம்மா’ ஆகவும் இருந்தார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதனால்தான் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

‘அண்ணா’, ‘அக்கா’ நல்ல சொற்கள்தான். ஆனால் ஒருவர் எழுதிய கோடைப் பார்த்து மற்றவர் கருத்துச் சொல்லும் ரிவ்யூவில் அவை வேறு வேலை செய்கின்றன. “அண்ணா, உங்க லாஜிக் தப்பு” என்று எழுத ஒரு பத்தொன்பது வயசுப் பையனுக்குக் கை வராது. மூத்தவர் “தம்பி, இது அப்படி இல்லப்பா” என்று ஆரம்பித்தாலே வாதம் முடிந்துவிடுகிறது. ஆகவே கோடு பற்றிய பேச்சில் எல்லோரையும் பெயர் சொல்லி, ‘நீங்க’ போட்டுப் பேசுவது என்று முடிவு செய்தோம். டீக்கடையில் மாமாவோ மச்சானோ, அது அவரவர் பாடு. முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் நாக்குக் கூசியது, அப்புறம் பழகிவிட்டது.

ஊருக்கென்று எழுத வேண்டிய இன்னொன்று, இங்கே யார் யார் இருக்கிறோம் என்பது. எங்கள் குழுவில் வீட்டில் படுகு (படுகர்களின் மொழி) பேசுபவர்கள் உண்டு, மலையாளம் பேசுபவர்கள் உண்டு, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் உண்டு. ஒருவர் எழுதும் தமிழைக் கிண்டல் செய்வது, “மலைக்காரங்க அப்படித்தான்” என்பது, “கீழ இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்” என்பது மூன்றையும் பெயர் சொல்லியே தகாத பட்டியலில் போட்டோம். ஒருமுறை டெஸ்ட் டேட்டாவில் தப்பான எடை போடும் ஆளுக்கு இங்குள்ள ஒரு பழங்குடியின் பெயரை யாரோ விளையாட்டாக வைத்திருந்தார்கள். கோடுக்குள் இருப்பதால் யாருக்கும் படாது என்ற நினைப்பு. திறமூலம் என்றால் எல்லோரும் படிக்கலாம் என்றுதானே பொருள்! மாதிரித் தரவு, மாறிகளின் பெயர், ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் கமிட் குறிப்பு எல்லாவற்றுக்கும் விதி பொருந்தும் என்று ஒரு வரி சேருங்கள்.

படி 3: ரிவ்யூ எழுதும் கையைப் பழக்குங்கள்

நேரம் அதிகம் செலவாக வேண்டிய இடம் இதுதான். கெட்ட வார்த்தை பேசுபவர்கள் எங்கும் குறைவு. குழுவைக் காலி செய்வது தினப்படி ரிவ்யூவில் வரும் சின்னக் குத்தல்கள்.

நியூயார்க்கில் உள்ள ரிகர்ஸ் சென்டர் என்ற நிரல் பயிலகத்தில் நான்கே நான்கு சமூக விதிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, ஆச்சரியப்படுவது போல நடிக்காதே என்பது. “என்னது, கிட் ரீபேஸ் தெரியாதா?” என்று ஏதோ ஒரு கட்டளையின் பெயரைச் சொல்லிப் புருவம் தூக்குகிறோமே, அது. கேட்டவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. சொன்னவருக்குத்தான் கொஞ்சம் உயரம் கூடியது போல இருக்கும். இன்னொன்று, முக்கியமில்லாத சின்னப் பிழையைத் திருத்தவே குறுக்கே விழுவது. “ஆக்சுவலா...” என்று தொடங்கும் வாக்கியங்களில் முக்கால்வாசி இந்த வகை.

அந்த மாணவிக்குப் போன பதிலையே எடுத்துக்கொள்வோம். அதே கண்டிப்போடு, அதே தகவலோடு இப்படி எழுதியிருக்கலாம்:

“பிழையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். தசமத்தை எங்கே வெட்டுகிறோம் என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது. மெர்ஜ் செய்வதற்கு (செயலியில் சேர்ப்பதற்கு) முன் ஒரு டெஸ்ட் வேண்டும்: 18.75, 20.5 இரண்டையும் கூட்டினால் 39.25 வர வேண்டும். டெஸ்ட் கோப்புறையில் சாக்குக் கழிவுக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து எழுதலாம். சிக்கினால் இங்கேயே கேளுங்கள்.”

இதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. டெஸ்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்ற நிபந்தனையும் தளரவில்லை. என்ன சரி, என்ன குறை, அடுத்து எங்கே போக வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. மரியாதை என்றால் தடவிக் கொடுப்பது என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுவேன். சுமாரான பேட்சை “சூப்பர்” என்று சொல்லி உள்ளே விடுவதும் ஒருவகை அவமரியாதைதான், அந்த விவசாயிக்கு.

எங்கள் கைக்கு உதவிய சில பழக்கங்கள். ‘நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க’ என்பதை ‘இந்த இடத்தில் இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டா’ என்று மாற்றுவது. பேச்சை ஆளிடமிருந்து கோடுக்கு நகர்த்துவது. கட்டாயம் மாற்ற வேண்டியதையும் வெறும் விருப்பத்தையும் பிரித்துச் சொல்வது. விருப்பம் என்றால் ‘இது என் ருசி, விட்டாலும் சரி’ என்று எழுதிவிடுகிறோம். முதல் பேட்ச் அனுப்புபவருக்கு மூன்றுக்கு மேல் குறை சொல்வதில்லை, மீதியை நாங்களே திருத்திக்கொள்கிறோம். நிராகரிக்க வேண்டியிருந்தால் காரணத்தோடு சீக்கிரம் நிராகரிப்பது. ஆறு மாதம் ஊறப்போட்டுவிட்டு மூடுவது திட்டுவதைவிட மோசம்.

மலைப்பாதையில் ஒரு விதி உண்டு, நம் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று இறங்குகிறவருக்கும் தெரியும், அவரும் ஏறி வந்தவர்தான். எங்கள் குழுவில் புது ஆளின் பேட்ச் வந்தால் மூத்தவர்கள் தங்கள் வேலையை ஓரமாக நிறுத்திவிட்டு அதை முதலில் பார்க்கிறோம். இந்த வழக்கத்துக்கு ‘ஏறுற வண்டி’ என்றே பெயர் வைத்திருக்கிறோம், லேபிளும் அதுதான்.

படி 4: புகார் யாரிடம் போகும் என்று முடிவு செய்யுங்கள்

சின்ன ஊரின் சங்கடம் இங்கேதான். எங்கள் முதல் ஏற்பாட்டில் புகார் எல்லாம் எனக்கு வரும். எனக்கு எதிராகவே புகார் இருந்தால்? அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே எல்லோரும் யாருக்காவது சொந்தம். ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) காலையில் பேசியது மதியத்துக்குள் அடுத்த ஹட்டிக்குப் போய்விடும். குற்றம் சாட்டப்பட்டவர்தான் கூட்டம் முடிந்து கடைசி பஸ் போன பிறகு ஜீப்பில் கொண்டுபோய் விடுபவர் என்றால், யார் வாய் திறப்பார்கள்?

மூன்று பேரை நியமித்தோம். ஒருவர் மலையில், ஒருவர் கீழே, மூன்றாமவர் எங்கள் திட்டத்தில் கோடு எழுதாத, ஆனால் வேறு திறமூலக் குழுவில் அனுபவமுள்ளவர். மூவரில் குறைந்தது ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் தனி முகவரி. யாரிடம் சொல்வது என்பதைப் புகார் சொல்பவரே தேர்ந்தெடுக்கலாம். புகாரில் வரும் ஆள் உறவினர், முதலாளி, நெருங்கிய நண்பர் என்றால் அந்தப் பொறுப்பாளர் விலகிக்கொள்ள வேண்டும். இதை யாரும் கேட்காமலே தானாகச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

மூவருக்கும் குழுத் தலைவரையே நிறுத்தி வைக்கும் அதிகாரம் உண்டு. இது அலங்காரமில்லை. 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல் மொழியின் நெறிப்படுத்தும் குழு முழுவதும் ஒரே நாளில் விலகியது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டது, அதன் மேல் விதியைச் செலுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவு பெரிய திட்டத்திலேயே நடந்தது.

படி 5: புகார் வந்ததும் செய்ய வேண்டியவை

இரண்டு நாளுக்குள் ‘கிடைத்தது, பார்க்கிறோம்’ என்று பதில் போக வேண்டும். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். மௌனத்தை ஜனங்கள் ‘இவங்களும் அவங்க ஆளுதான்’ என்று வாசிப்பார்கள். பெரும்பாலும் சரியாகவே வாசிப்பார்கள்.

அப்புறம் கேளுங்கள்: என்ன நடந்தது, எங்கே, யாராவது பார்த்தார்களா, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா, நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள். கடைசிக் கேள்வியைப் பலர் மறக்கிறார்கள். சிலருக்கு மன்னிப்பு வேண்டும், சிலருக்கு அந்த ஆளோடு இனி பேசாமல் இருந்தால் போதும், சிலருக்குப் பதிவாக இருந்தால் போதும். கேட்கக் கூடாதது: “ஏன் அப்பவே சொல்லல?”, “அவர் நல்லவராச்சே, சும்மா சொல்லியிருப்பார்.”

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணாதீர்கள். ஊர் வழக்கத்தில் அது சுலபமாகத் தோன்றும், டீ சொல்லி, கை குலுக்கி, முடித்துவிடலாம். உண்மையில் வயசிலும் செல்வாக்கிலும் பெரியவர் பேசுவார், சிறியவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எதிர்த்தரப்பைத் தனியாகக் கேளுங்கள். புகார் சொன்னவரின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள். எங்கள் அளவுக் குழுவில் பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். அதை முன்கூட்டியே புகார் சொன்னவரிடம் ஒளிக்காமல் சொல்லி, தொடரலாமா என்று கேட்டுவிடுவது நேர்மை.

ஒரு வாரத்தில் முடிவு, மழைக்காலம் என்றால் இரண்டு வாரம். முடிவை இரு தரப்புக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

படி 6: தண்டனையைப் படிப்படியாக வையுங்கள்

கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டின் 2.0 பதிப்பில் நான்கு படிகள் இருக்கின்றன. முதலில் தனியாக எழுத்தில் சுட்டிக்காட்டித் திருத்துவது. அடுத்து எச்சரிக்கை, கூடவே சம்பந்தப்பட்டவர்களோடு குறிப்பிட்ட காலம் பேசாமல் இருக்கும் நிபந்தனை. மூன்றாவது தற்காலிக விலக்கு. நான்காவது நிரந்தர விலக்கு. வரிசையாகத்தான் ஏற வேண்டும் என்பதில்லை. மிரட்டலும் பாலியல் சீண்டலும் நேராக மேல்படிக்குப் போகும்.

மன்னிப்பு கேட்கச் சொன்னால் அதன் வாசகத்தையும் பாருங்கள். “யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்பது மன்னிப்பாகாது. புண்பட்டவர் மேலேயே பழி போகிறது. எங்கள் அண்ணனை, விதிகள் வந்த பிறகு, பழைய அந்தப் பதிலுக்காக எழுதச் சொன்னோம். அவருடைய முதல் வரைவு நான்கு பத்தி, அதில் மூன்று தன் இருபது வருட அனுபவம் பற்றி. அதைத் திருப்பி அனுப்பினோம். இரண்டாவதில் மூன்றே வரி: “உங்கள் திருத்தம் சரி. நான் எழுதியது கேலி, ரிவ்யூ இல்லை. அதை நீக்கிவிட்டேன்.” மாணவியிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இல்லை, மன்னிப்பது அவர் உரிமை. அண்ணன் உட்கார்ந்து அவர் எழுதாமல் விட்ட டெஸ்டை எழுதி, பேட்சை அவர் பெயரிலேயே மெர்ஜ் செய்தார். அந்தச் சிரிப்புப் பொம்மைகளை யார் நீக்குவது என்று யாரும் சொல்லவில்லை, அடுத்த நாள் பார்த்தபோது மூன்றும் இல்லை.

சில விஷயங்கள் குழு தீர்க்கக் கூடியவை அல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181. பள்ளி மாணவர்கள் வரும் கூட்டம் என்றால் இந்த எண்களைக் கோப்பிலேயே போட்டுவிடுங்கள்.

படி 7: நேரில் கூடும்போது

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. புகைப்படம் எடுக்கும்முன் கேளுங்கள். புதியவருக்குக் காட்டிக்கொடுக்கும்போது அவர் கீபோர்டைப் பிடுங்காதீர்கள். வரிக்கியும் டீயும் வாங்கப் போவது எப்போதும் பெண்கள் அல்லது சின்னவர்கள் என்று ஆகிவிடாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகளை வருடம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து வாசிக்கிறோம், பேட்ச் போலவே யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். போன டிசம்பரில் வந்த ஒரே திருத்தம் ஒரு பெண் உறுப்பினர் அனுப்பியது. கூட்டம் ஐந்தரைக்கு முடிகிறது, அதற்குள் பனி இறங்கி இருட்டிவிடுகிறது, ரோட்டிலிருந்து வீடு வரை தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும், கரடி நடமாட்டம் இருக்கிறது. அதனால் தானும் இன்னும் இருவரும் பாதியிலேயே கிளம்புகிறோம், முக்கிய முடிவுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எடுக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தார். மூன்று வருடமாக அது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கோப்பின் ஏழாவது வரி: கூட்டம் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி மூன்றே முக்காலுக்கு முடியும், அதற்குப் பிறகு பேசியது எதுவும் முடிவாகாது.